அத்தையின் ஓய்வுக்கு நான் போட்ட அட்டவணை

என் அக்கா பெற்ற ஒரே மகளும், எலும்பு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸும், கோபம் வந்தால் என் அக்காவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறவளுமான அன்புள்ள மருமகளுக்கு, உன் சங்கு மாமா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் அத்தையும் சுகம் என்றுதான் தகவல். தகவல் என்று ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கான கடற்கரை விடுதியில் பத்து நாள் இடம் கிடைத்திருக்கிறது என்று நீ சாவியைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நேற்று நீ போனில், "அத்தையை அங்க தனியா விட்டுட்டு நீங்க மட்டும் வீட்ல என்ன மாமா பண்றீங்க?" என்று கத்தினாயே, அந்தக் கத்தலையும் நான் எதிர்பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் உன்னிடம் வத்தி வைப்பார் என்பதையும் எதிர்பார்த்தேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிடமாட்டாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

உன் அத்தை முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தைத்துக் கழுத்து எலும்பு நரம்பை அமுக்குகிறது, பத்து நாள் ஊசி நூல் தொடக்கூடாது, எந்த வேலையும் கூடாது, அதற்குப் பிறகும் வலது கை விரல் மரத்துப்போனால் கத்திதான் என்று உங்கள் பெரிய டாக்டர் சொன்னது எனக்கு ஒரு எழுத்துவிடாமல் ஞாபகம் இருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததால் படிப்பை நிறுத்தியவன் நான். மில்லில் முப்பத்துநாலு வருஷம் டைம் கீப்பர். நான் சங்கை ஊதினால்தான் சூரியன் உதிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆள் கையில் ஒருத்தியின் ஓய்வு ஒப்படைக்கப்பட்டால் அவன் சும்மா இருப்பானா? மூன்று ராத்திரி உட்கார்ந்து அட்டவணை போட்டேன். காலை ஆறு முதல் ஆறு நாற்பது வரை கடல் பார்த்தல். ஆறு நாற்பது முதல் ஏழு வரை காற்று வாங்குதல். பதினொன்றேகால் முதல் பன்னிரண்டேகால் வரை சும்மா இருத்தல். மில்லில் கொடுப்பது மாதிரியே அவளுக்கு ஓர் அட்டை, எனக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அட்டையில் ஓட்டை போட, ஓய்வுபெற்ற அன்று நினைவாக நான் எடுத்து வந்த பழைய பஞ்சிங் மெஷினையும் கொண்டுபோனேன். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தது என்று வைத்துக்கொள்.

சாமான் பதினாலு உருப்படி. இதில் உனக்கு என்ன சிரிப்பு? பழகாத அடுப்பில் அத்தைக்குச் சிரமம் என்று நம் அடுப்பு, பழகாத தலையணையில் தூக்கம் வராது என்று நம் தலையணை, அப்புறம் குக்கர், வாளி, நாற்காலி, சுவர்க் கடிகாரம். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டார். "ஓய்வெடுக்கப் போறோம்" என்றேன். அவர் உன் அத்தையைப் பார்த்தார். உன் அத்தை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். போன் சார்ஜரை மட்டும் நம் வீட்டுச் சுவரிலேயே விட்டுவிட்டேன். மறதி இல்லை. ஓய்வுக்குப் போன இடத்தில் எதற்குப் போன்? வேண்டுமென்றேதான். இரண்டாம் நாளே போன் செத்துப்போனது.

விடுதியை நீ பார்த்ததில்லை. இரண்டு அறை, முன்னால் ஒரு சிமெண்டு பெஞ்சு, பெஞ்சிலிருந்து நாற்பது அடியில் கடல். நான் போய் நின்றதும் அலை கொஞ்சம் பின்னால் போனது, அதை விடு. அங்கே ஒரு காவல்காரம்மா இருக்கிறார். பெருக்குவது, பூட்டுவது, வருகிறவர்களுக்கு ரொட்டியும் டீயும் வாங்கி வந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். முதல் நாள் காலையில் அவர் ரொட்டியோடு வந்தபோது, "நாங்க வெளிச் சாப்பாடு சாப்பிடறதில்ல" என்று நான் கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். அவர், "சரி, அப்ப சமைக்கறது யாரு சார்?" என்று கேட்டார். பார், இந்தக் கேள்வி எனக்கு அப்போது கேள்வியாகவே தெரியவில்லை. உன் அத்தை எழுந்து நம் அடுப்பைப் பிரித்தாள். மூன்று வேளை சமையல், நடுநடுவே எனக்கு டீ, சரியாக ஆறு மணிக்குக் கடல். ஆறு முப்பத்தெட்டுக்கு அவள் எழுந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு" என்றேன். "அடுப்புல பால் இருக்குங்க" என்றாள். நியாயமானவன் என்பதால் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. சாதாரணப் பொத்தான் இல்லை, மேலிருந்து இரண்டாவது. நான் தைக்கச் சொல்லவில்லை. பொத்தான் அறுந்துவிட்டது என்று மட்டும் மூன்று தடவை சொன்னேன். ஊசி டப்பாவும் அந்தப் பதினாலில் ஓர் உருப்படி. கோபப்படாதே, அவளுக்குப் பொழுது போகாவிட்டால் பாவம் என்று நான்தான் போட்டு வைத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து தைத்தாள். நாலாவது குத்தில் ஊசி கீழே விழுந்தது. அவள் விரல் மட்டும் துணியின்மேல் தைப்பதுபோலவே போய்க்கொண்டிருந்தது. ஊசி கையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நான் மணலில் தேடி எடுத்துக் கொடுத்தேன். "காத்துல நழுவிடுச்சு" என்றாள். அன்றைக்குக் காற்றே இல்லை. இதை நான் அட்டையில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் நான் பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். எனக்கு வேண்டிய டீத்தூள் வாங்க, அப்படியே ஒரு சார்ஜரும் பார்க்க. கடைக்காரரிடம் இருந்த சார்ஜர் எதுவும் என் போனுக்குப் பொருந்தவில்லை. என் போன் அவ்வளவு உயர்ந்த ரகம் என்று அவரே சொன்னார். பழைய ரகம் என்றுதான் சொன்னார், இரண்டும் ஒன்றுதான். பிறகு பஸ் நிலையத்தில் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டு எந்த பஸ் எப்போது என்று விசாரித்ததில் என் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டேன். காலை எட்டு மணிக்குப் போனவன் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்பினேன். ஐயோ, அட்டவணை நாசமாகியிருக்குமே, அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பாளே என்று ஓட்டமும் நடையுமாக வந்தால், உன் அத்தை பெஞ்சில் நீட்டிப் படுத்திருக்கிறாள். தலை முடிந்திருக்கவில்லை. கால் இரண்டும் நம் வீட்டு நாற்காலியின் மேல். பக்கத்தில் தட்டில் பாதி தின்ற ரொட்டி. அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. நாற்பது வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. யாரோ என்று நினைத்து ஒரு நிமிஷம் தள்ளியே நின்றேன்.

காவல்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "காலையில இருந்து என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். நீங்க போனதும் தூங்குனாங்க. எழுந்தாங்க. ரெண்டு தடவை சிரிச்சாங்க."

"எதைப் பார்த்து?"

"தெரியல சார். கடல்தான் இருந்துச்சு."

"வேற?"

"தீக்குச்சியைக் கீழ போட்டு வலது கையால எடுத்து எடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு விரல்ல உணர்ச்சி வந்த மாதிரி இருக்குன்னாங்க. நீங்க இன்னொரு தடவை எப்ப டவுனுக்குப் போவீங்கன்னும் கேட்டாங்க."

அப்போது உன் அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். பிறகு காலை நாற்காலியிலிருந்து எடுத்தாள், தலையை முடிந்தாள், டீ போட எழுந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக. மில் சங்கு ஊதினால் ஆட்கள் எழுந்து உள்ளே போவார்களே, அதே மாதிரி. முப்பத்துநாலு வருஷம் கேட்டிலிருந்து அதைப் பார்த்தவன் நான், எனக்கு அடையாளம் தெரியாதா? அவள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஓர் ஓட்டைகூட இல்லை.

நாலாம் நாள் விடிந்ததும் பார், மில்லிலிருந்து போன். மேனேஜரே பேசுகிறார். "ஐயா, சங்கு ஊதல. ஐந்நூறு பேர் உள்ள போறதா வெளிய போறதான்னு தெரியாம கேட்டுல நிக்கிறாங்க. நீங்க வந்தாத்தான் ஆச்சு" என்று அழாத குறை. நான் என்ன செய்ய? கடமை ஒரு பக்கம், கட்டியவள் ஒரு பக்கம். "ஆறு நாள் ஆகும்போல இருக்கு" என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் போகச் சொன்னாள். வந்தேன். சங்கைத் தட்டினேன். ஊதியது. அந்தச் சத்தத்துக்கு மூன்று தெரு தள்ளி ஒரு குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டதாகக் கேள்வி.

ஆகவே நான் அவளை விட்டுவிட்டு வந்தேன் என்று நீ சொல்வது முழுத் தவறு. அழைக்கப்பட்டு வந்தேன். வரும்போது அடுப்பு, குக்கர், வாளி, ஊசி டப்பா, கடிகாரம் என்று பன்னிரண்டு உருப்படியைக் கையோடு தூக்கி வந்துவிட்டேன். நாற்காலியையும் தலையணையையும் மட்டும் விட்டு வந்தேன். இங்கே என் சமையல் அமர்க்களமாக நடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பார்த்த புகை சமையலின் ஒரு கட்டம்தான். தினமும் காவல்காரம்மாவுக்குப் போன் போட்டு விசாரிக்கிறேன். நேற்றும் கேட்டேன், "என்ன பண்றாங்க?" "தூங்குறாங்க சார்." "முந்தாநாள் இதே நேரம்?" "தூங்குனாங்க சார்." "என்னைப் பத்திக் கேட்டாங்களா?" "கேட்டாங்க சார். வந்துட மாட்டீங்கல்லன்னு கேட்டாங்க." விரல்? மூன்றாவது விரலும் வந்துவிட்டதாம். நீ வருகிற வாரம் பெரிய டாக்டரிடம் காட்டும்போது, இந்த முன்னேற்றம் யார் போட்ட அட்டவணையால் என்று அவர் கேட்டால், என் பெயரைச் சொல்லத் தயங்காதே.

நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி டியூட்டியைக் குறை. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, அவர் சட்டைப் பொத்தானை அவரே தைக்கப் பழகிக்கொள்ளச் சொல். நீ நூறு வயசு, அதில் தொண்ணூறு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் சங்கு மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் நானாகச் சேர்த்தது. மில்லிலிருந்து போன் வரவில்லை. அந்தச் சங்கையே கழற்றி நாலு வருஷம் ஆகிறது. உன் அத்தைக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அந்தக் காலையில் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி ஐந்து நிமிஷம் பேசினேன். வைத்துவிட்டுத் திரும்பினால் என் பை கட்டி வாசலில் இருக்கிறது. "சார்ஜ் இல்லாத போன்லயே கூப்பிட்டுட்டாங்கன்னா, ரொம்ப அவசரமாத்தான் இருக்கும். கிளம்புங்க" என்றாள்.