வண்டியை மூன்று இஞ்ச் தூக்கிய கதை

ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வண்டி பழைய ஜீப் ரகம். நாலு சக்கரமும் இழுக்கும். எங்கள் கல்யாணத்தைவிட இரண்டு வயது மூத்தது. என் மனைவி கோமதி என்னைத் திட்டும்போது வண்டியையும் சேர்த்தே திட்டிவிடுவாள். தனித்தனியாகத் திட்ட அவளுக்கு நேரம் இல்லை.

எனக்கு வீடு ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எதற்கு இப்படி ஒரு வண்டி என்று கேட்பவர்களுக்காகவே வ. புதுப்பட்டி என்ற ஊரைத் தாண்டி, மலையடியில் ஒரு தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தெட்டு மரம். காயை ஒரு வியாபாரி ஆள் வைத்து வெட்டி, அவர் டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். என் வண்டியில் இதுவரை ஏறிய தேங்காய், வீட்டுச் சட்னிக்கு நாலு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இவ்வளவும்.

தோப்புக்குப் போகிற வழியில் ஓர் ஓடை. பாலம் கிடையாது. பெரும்பாலான நாள் தண்ணீரும் கிடையாது. மணலும், நடுவில் ஒரு பாறையும் மட்டும் உண்டு.

போன மாதம் அந்தப் பாறையில் வண்டியின் அடிவயிறு தட்டி, சைலன்சர் கழன்று தொங்கியது. உள்ளே கோமதியும் என் மாமனாரும் இருந்தார்கள்.

மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பஸ் அவருக்குக் கொடுத்தது ஒரு பென்ஷன், ஒரு முதுகுவலி. நான் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தொண்டையை மட்டும் செருமுவார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை செருமிக்கொண்டே வந்தார்.

மறுநாள் கோமதி தீர்ப்பு சொன்னாள்.

"இங்க பாருங்க. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை அப்பா திரும்பத் தோப்புக்கு வாராக. அவியளுக்கு முதுகு வலிக்கக் கூடாது. வண்டி அடியில தட்டக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடந்தாலும் வண்டிய அந்த வன்னியம்பட்டிக்காரருக்குக் குடுத்துரணும்."

வன்னியம்பட்டிக்காரர் என்பவர் நிஜமான விவசாயி. என் வண்டியை இரண்டு தடவை விலைக்குக் கேட்டவர். அவர் கேட்கும் தோரணையே, உனக்கு எதுக்கு இது என்கிற மாதிரி இருக்கும்.

நாளெல்லாம் அடுத்தவர் பத்திரத்துக்கு நகல் எடுக்கிறவன் நான். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மட்டும்தான் அசல் மனுஷன் மாதிரி உணர்வேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வண்டியை உயர்த்திவிட்டால் பாறை தட்டாது. ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். ஜீப் ஆட்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்து, எத்தனை இஞ்ச் தூக்கலாம் என்று கேட்டேன். ஒருவர் இரண்டு என்றார். ஒருவர் நாலு. இன்னொருவர் ஆறு இஞ்ச் தூக்கிய தன் வண்டியின் போட்டோவைப் போட்டார். அதில் ஏற அவர் ஏணி வைத்திருந்தார்.

பொதுவாக இரண்டு வழி என்று புரிந்தது. இருக்கிற ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை மாதிரி ஒன்றை வைத்துத் தூக்குவது ஒரு வழி. ஸ்பிரிங் பட்டைகளையே மொத்தமாக மாற்றுவது இன்னொரு வழி. நான் மொத்தமாக மாற்ற முடிவு செய்தேன். மூன்று இஞ்ச். இரண்டு வாரம் வீடியோ பார்த்ததில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு. சட்டைப் பையில் இஞ்ச் டேப் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

கெடுவுக்கு முந்தின புதன்கிழமை, ராஜபாளையத்தில் காதர் பாய் பட்டறைக்குப் போனேன். பாய் ஸ்பிரிங் வேலையில் கெட்டிக்காரர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

தரையில் இரண்டு செட் பட்டைகளை எடுத்துப் போட்டார்.

"ரெண்டுமே மூணு இஞ்ச் தூக்கும் அண்ணாச்சி. இது எளசு. ஆள் மட்டும் போற வண்டிக்கு. அது முரடு. லோடு ஏத்துற வண்டிக்கு. நீங்க லோடு எம்புட்டு ஏத்துவீய?"

சரியான பதில்: நாலு தேங்காய்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது. வன்னியம்பட்டிக்காரர். தன் லோடு வண்டிக்கு ஏதோ வேலையாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெராக்ஸ் கடைக்கு என்னத்த லோடு பாய்? பேப்பர்தான்."

சும்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

"தேங்கா ஏத்துவேன் பாய்," என்றேன். "வாராவாரம்."

"எத்தன மூடை?"

"அது இருக்கும்... ஆறு, ஏழு."

பாய் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ஒரு நாரு கூட இல்லையே அண்ணாச்சி."

"கூட்டிப் பெருக்கிருவேன்."

"போட்டுட்டா திருப்பி வாங்கமாட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வன்னியம்பட்டிக்காரர் டீயை உறிஞ்சினார். நான் யோசிக்கவில்லை. முரடையே போடச் சொன்னேன்.

சாயங்காலம் வண்டி தயார். டேப்பை எடுத்து அளந்தேன். சரியாக மூன்று இஞ்ச் கூடியிருந்தது. ஏறி உட்கார்ந்தால், தெருவில் எல்லா வீட்டுக் காம்பவுண்டுக்கு உள்ளேயும் தெரிந்தது. யார் வீட்டில் என்ன காயப்போட்டிருக்கிறார்கள் என்பது வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பத்து நிமிஷம் நான் உலகத்துக்கே தோப்புக்காரன்.

பதினோராவது நிமிஷம் ஒரு வேகத்தடை வந்தது.

வண்டி எகிறியது. என் தலை கூரையில் போய் முட்டியது. கீழே வருவதற்குள் வண்டி இன்னொரு முறை எகிறியது. கண்ணாடியில் பார்த்தால் நெற்றி வீங்கியிருந்தது.

வீட்டு வாசலில் கோமதி ஏற முயற்சி செய்தாள். முடியவில்லை. உள்ளே போய் பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்தாள்.

"இத வண்டியிலேயே வைங்க," என்றாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். "அது என்ன?"

"கொசுக் கடி."

"எம்புட்டுப் பெரிய கொசுங்க?"

புதிய ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் படியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழனும் வெள்ளியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சைக்கிள்காரர்கள் முந்திப்போகிற வேகத்தில் போய்வந்தேன்.

சனிக்கிழமை அதிசயம் நடந்தது. ராஜபாளையம் லாரி ஆபீசில் கடைக்குப் பேப்பர் வந்திருந்தது. பன்னிரண்டு பெட்டி. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குலுக்கல் இல்லை. பெட்டிகளை இறக்கிவைத்த கையோடு கோமதிக்குப் போன் போட்டேன்.

"ஸ்பிரிங் படிஞ்சிருச்சு. நாளைக்கு உங்கப்பா தூங்கிட்டே வரலாம்."

அன்று ராத்திரி இருட்டில் உருட்டிக்கொண்டே வீடு வந்ததால், வேறெதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வந்தார். முக்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் கம்பியைப் பிடித்து ஒரே தவ்வில் முன் சீட்டில் ஏறிவிட்டார். கோமதி முக்காலியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் வேகத்தடையில் மாமனார் சீட்டை விட்டு எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். செருமினார்.

இரண்டாவதில் அவருடைய மூக்குக்கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. பின் சீட்டில் கோமதி, அப்பாவைப் பெற்ற தாயையும் என்னைப் பெற்ற தாயையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

நேற்று வழுக்கிக்கொண்டு போன அதே ரோடு. அதே வண்டி. அதே நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும், அவர் கோபத்தைக் குறைக்கலாம் என்று பால்கோவா வாங்கி மடியில் வைத்தேன். கடையை விட்டு நகர்ந்த உடனே ஒரு பள்ளம். பால்கோவா கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

"அப்பா, முதுகு?" என்றாள் கோமதி. அவள் குரலில் வன்னியம்பட்டிக்காரர் அப்போதே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் தாங்கும்மா," என்ற மாமனார், என் பக்கம் திரும்பினார். "மாப்ள, செத்த நேரம் ஓரங்கட்டுங்க."

ஓரங்கட்டினேன். கோர்ட்டுக்கு எதிரே, என் கடை வாசலிலேயே. அவர் இறங்கிப்போய், குனிந்து பட்டைகளைப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஆளில்லாத பஸ் இப்படித்தான் துள்ளும். ஆள் ஏறுனா அடங்கிரும். இது பெரிய லோடுக்குப் போடுற பட்டை. பாய்கிட்ட என்ன லோடு சொன்னீய?"

கோமதிக்குக் கேட்காத குரலில் சொன்னேன். "ஏழு மூடை. தேங்கா."

மாமனார் செருமவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம தோப்புத் தேங்காயா?"

"ஆமா மாமா."

"வருசத்துக்கா?"

குனிந்து டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன். பிடிக்கிறவன் கஷ்டம் அவருக்குத் தெரியும் போல.

"சரி. நேத்து வண்டி நல்லாப் போச்சுன்னு பாப்பா சொல்லுச்சே. நேத்து என்ன ஏத்துனீய?"

கடை ஷட்டரைத் தூக்கினேன். பன்னிரண்டு பெட்டியையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன். லோடு விஷயத்தில் வன்னியம்பட்டிக்காரர் சொன்னதுதான் சரி. பேப்பர்தான்.

அதற்குப் பிறகு வ. புதுப்பட்டி வரை பயணம் சொர்க்கம். மாமனார் நிஜமாகவே தூங்கினார். கோமதி பால்கோவாவைப் பிரித்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். வண்டி பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓடைக்கரை வந்ததும் மாமனார் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, சட்டப் பையில இருக்க டேப்ப எடுத்து ஒரு தடவ அளந்து பாருங்க."

இறங்கி அளந்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன். லோடு ஏறிய பிறகு வண்டியின் உயரம், ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்னால் இருந்த அதே உயரம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிரே அதே பாறை.

பெட்டி இருந்தால் பாறை தட்டும். பெட்டி இல்லாவிட்டால் முதுகு போகும். ஓடையைத் தாண்டியும் தோப்புக்கு ஒரு கிலோமீட்டர் கரடுமுரடான பாதை இருக்கிறது. பெட்டிகளைக் கரையில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், மரத்தில் நாலு குரங்கு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணப் போறீய?" என்றாள் கோமதி.

மாமனார் முந்திக்கொண்டார். "எறங்கும்மா. நாம நடந்து தாண்டுவோம். காலுக்கு நல்லது."

அவர்கள் இருவரும் மணலில் நடந்து அக்கரைக்குப் போய், ஒரு மரத்தடியில் நின்றார்கள். நான் பன்னிரண்டு பெட்டியையும் இறக்கினேன். வெறும் வண்டி, பாறையைச் சீண்டக்கூட இல்லாமல், ராஜா மாதிரி ஓடையைத் தாண்டியது. அக்கரையில் நிறுத்திவிட்டு இக்கரைக்கு நடந்தேன். ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு நடந்தேன். இப்படிப் பன்னிரண்டு தடவை.

ஏழாவது பெட்டியில் கோமதி கேட்டாள். "அப்பா, இதுக்குப் பேரு வண்டி தாண்டுறதா?"

"எனக்கு முதுகு வலிக்கல. அடியில தட்டல. நீ சொன்னது ரெண்டும் ஆச்சுல்ல?"

"இவுக செமக்காகளே."

"நீ வண்டியப் பத்தித்தானம்மா சொன்ன. மாப்ளயப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

கோமதி என் பக்கம் திரும்பினாள். நான் எட்டாவது பெட்டியோடு மணலில் புதைந்து புதைந்து வந்துகொண்டிருந்தேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சரி, வண்டி இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "வாராவாரம் வருவோம். இவுக தொப்பையாவது எறங்கட்டும்."

வண்டி தப்பித்தது. தோப்பில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, மறுபடி பன்னிரண்டு தடவை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் நடக்கிறது. பாயிடம் போய் உண்மையைச் சொல்லி, இளசுப் பட்டையைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தேவைப்படும் தைரியத்தைவிட, பெட்டி சுமக்கத் தேவைப்படும் பலம் குறைவுதான்.

நேற்று பட்டறை வழியாகப் போகும்போது காதர் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்படி அண்ணாச்சி, லோடு ஒழுங்கா ஏறுதா?"

"வாராவாரம் பன்னெண்டு பெட்டி பாய்," என்றேன்.

லோடு விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.