முத்தத்துக்கு மனு போட்ட பெட்டிசன்

இந்த உலகத்தில் முத்தம் கொடுத்தவர்கள் உண்டு, வாங்கியவர்கள் உண்டு, திருடியவர்களும் உண்டு. ஆனால் முத்தத்துக்கு முறைப்படி மனு எழுதி, 'பொருள்' போட்டு, 'பார்வை' போட்டு, 'ஆவன செய்யுமாறு' கேட்டுக்கொண்ட ஆள் ஒருத்தன்தான். அவன் திருவொற்றியூர் தாலுகா ஆபீஸ் சுவரோரம், என் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் பெட்டிசன்.

ஒரு மடக்கு மேசை, ஒரு ஸ்டூல், சட்டைப் பையில் மூன்று பேனா. அவன் பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவனுக்கே சந்தேகமாகத்தான் இருக்கும். 'பெட்டிசன்' என்றால்தான் திரும்புவான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். ஊரே என்னை ஆயா என்பதால் அவனும் ஆயா என்பான்.

மனு எழுதி எழுதி அவன் பேச்சும் மனுவாகிவிட்டது. ஒருநாள் டீக்கடைக்காரனிடம் சொன்னான்:

"ஐயா, நேத்து குடுத்த டீயில சக்கரை அதிகமா இருந்தத தங்கள் கவனத்துக்குக் கொண்டாறேன். இன்னிக்கு ஆவன செய்யணும்."

டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தான். "ஆயா, இந்தாளு டீ கேக்குறானா, டிரான்ஸ்பர் கேக்குறானா?"

அவனிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மனுவை எழுதி முடித்ததும், கேட்டு வந்தவர் முன்னால் முழுசாகச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவான். படித்துக் காட்டாத தாள் அவன் மேசையைத் தாண்டியதே இல்லை. "படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கினா அது மோசடி ஆயா" என்பான். நடுவில் கன்டெய்னர் லாரி ஆரன் அடித்தால், அது போகும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். எங்கள் ரோட்டில் லாரி என்றைக்கு ஓய்ந்தது? ஒரு ரேசன் கார்டு மனுவைப் படித்து முடிப்பதற்குள் ரேசன் கடையையே மூடிவிடுவார்கள்.

அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. பட்டாவா, கம்ப்யூட்டர். சாதிச் சான்றிதழா, கம்ப்யூட்டர். பெட்டிசனின் பேனா மூன்றும் என் நெத்திலி மாதிரி காய ஆரம்பித்தன. அப்போதுதான் கத்திவாக்கத்திலிருந்து ஒரு பொம்பளை வந்தாள்.

"புருசன் மேல பெட்டிசன் எழுதணும்."

"போலீசுக்கா, கோர்ட்டுக்கா?"

"புருசனுக்கேதான். கடலுக்குப் போயிட்டு வந்தா வலை மாதிரி சுருண்டு படுத்துக்கிறான். நான் ஒருத்தி வூட்ல கீறன்றதே அந்தாளுக்கு ஞாபகமில்ல. வாயால சொல்லக் கூச்சமா கீது."

பெட்டிசன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், எழுதினான். அனுப்புநர் மனைவி. பெறுநர் கணவர். பொருள்: திரும்பிப் படுத்தல், முத்தம் ஆகியன தொடர்பாக. பார்வை: கல்யாணத்தன்று தாங்கள் சொன்னது. வழக்கம்போல உரக்கப் படித்தும் காட்டினான். தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்ற அத்தனை பேரும் வரிசையை விட்டு வந்து கேட்டார்கள்.

அடுத்த வாரம் அவள் தலை நிறையப் பூவும் கை நிறைய இறாலுமாக வந்தாள். "மனு சாங்சன் ஆயிடுச்சு நைனா" என்று சொல்லிவிட்டு, இறாலை மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

அன்றைக்குப் பிடித்தது பெட்டிசனுக்குக் கதைக் கிறுக்கு. ஜெராக்ஸ் கடையில் யாரோ சொன்னார்களாம், இப்போது அச்சாபீசே வேண்டாம், கதையை நாமே போனில் ஏற்றிவிடலாம், படிக்கிறவர்கள் துட்டு கட்டிப் படிப்பார்கள் என்று. என்னிடம் வந்து குரலை இறக்கிச் சொன்னான்.

"அந்த மாதிரி கதைதான் நல்லா போவுதாம் ஆயா."

"எந்த மாதிரி?"

"அந்த மாதிரி."

"அந்த மாதிரின்னா எந்த மாதிரிடா?"

எனக்குத் தெரியாமலா கேட்டேன்? அவன் காது சிவப்பதைப் பார்க்க எனக்கு ஒரு ஆசை. ஆனால் மீதியெல்லாம் நிஜமாகவே புரியவில்லை.

"சரி, புக்கு எங்க கீது?"

"போன்ல."

"தாளு?"

"கிடையாது."

"அப்போ கருவாடு மடிக்க முடியாது."

"முடியாது."

"கருவாடு மடிக்க முடியாதது இன்னாடா புக்கு?"

புனைபெயர் 'குளிர்காற்று' என்று வைத்துக்கொண்டான். கதையும் எழுதிவிட்டான். அப்புறம்தான் சிக்கல். படித்துக் காட்டாமல் வெளியே விட அவனுக்கு மனசு வரவில்லை. இந்த மனுவுக்கு மனுதாரர் யார், யாருக்குப் படித்துக் காட்டுவது? சுற்றிப் பார்த்தான். சுவர் இருந்தது, லாரி இருந்தது, நான் இருந்தேன். மூன்றாம் கிளாசைத் தாண்டாத நான், இப்படித்தான் குளிர்காற்றின் முதல் வாசகி ஆனேன்.

முதல் கதையில் துறைமுகத்துக் கிரேன் ஓட்டுகிற ஒருத்தன், இட்லிக்கடை நடத்துகிற ஒருத்தி. கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வாளைக் கருவாட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். பெட்டிசன் தொண்டையைச் செருமிப் படித்தான்:

"பொருள்: ரவிக்கையின் மேல் கொக்கி தொடர்பாக. பார்வை: நேற்று மாலை குழாயடியில் தாங்கள் சிரித்தது. அம்மணி, மேற்படி கொக்கியைக் கழற்ற அனுமதி வேண்டுகிறேன். தாங்கள் மனமிரங்கி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதற்கு அவள் சொல்கிறாள்: "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது."

பக்கம் பக்கமாகப் போனது. அவன் கேட்கிறான், அவள் பரிசீலிக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், கொக்கிய கழட்டினானா இல்லியா?"

"அவங்க இன்னும் பரிசீலிக்கிறாங்க ஆயா."

"அதுக்குள்ள அவ பல்லு கொட்டிடும்டா."

"அவங்க சரின்னு சொல்லாம எப்படிக் கழட்டுறது? ஆக்கிரமிப்பு ஆயிடும்."

நான் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது யோசனையாகவே இருந்தது. என்னோடு அத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனுசன், பாவம் போய்ச் சேர்ந்துவிட்டார், என்னிடம் கேட்ட ஒரே கேள்வி 'சோறு ஆச்சா' என்பதுதான்.

இதை எவன் காசு கொடுத்துப் படிப்பான் என்று நினைத்தேன். படித்தார்கள். ஆம்பளைகள் 'கதை ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று எழுதினார்களாம். பொம்பளைகள் 'இப்படிக் கேட்டால் யார் மாட்டேன் என்பாள்' என்று எழுதினார்களாம். முதலில் வந்த காசு ஒரு டீக்கும் பன்னுக்கும் சரியாக இருந்தது. அப்புறம் டேபிள் ஃபேன் வாங்கினான், புதுக் கண்ணாடி போட்டான். என்னிடம் வஞ்சிரக் கருவாடு பேரம் பேசாமல் வாங்கினான். அன்றைக்குத்தான் எனக்கு இலக்கியத்தின் மேல் மரியாதை வந்தது.

ஒரு விசயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, நீ கல்யாணமே கட்டல. இத்தெல்லாம் உனுக்கு எப்படித் தெரியும்?"

"எனுக்கு நிலம் கீதா ஆயா? எத்தினி பேருக்குப் பட்டா வாங்கிக் குடுத்துக்கீறேன்."

நிலம் மட்டுமா, அவனுக்கு வீடும் கிடையாது. தெற்கேயிருந்து வந்து மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை, அவ்வளவுதான். கல்யாணம் ஆகாத, தலை நரைத்த ஆம்பளைக்கு எங்கள் பக்கம் அறை கிடைப்பது, சுறா வயிற்றில் மோதிரம் கிடைக்கிற மாதிரி. அதுவும் அண்ணாச்சி லேசுப்பட்டவர் இல்லை. மாடிப்படியில் யாராவது விசில் அடித்தால்கூட, என்ன பாட்டு என்று விசாரிப்பார்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது ஒரு திரைச்சீலையால்.

இந்தப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வேண்டுமாம். மற்றவர்கள் பாதித் துணியோடு நிற்கும் பொம்பளைகளைப் போடுகிறார்கள். பெட்டிசனுக்கு அதற்குக் கூச்சம். மொட்டை மாடிக் கொடியில், பச்சைத் துணியில் சிவப்புக் கிளி போட்ட ஒரு திரைச்சீலை காற்றில் உப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தான். போனில் ஒரு படம் எடுத்தான், அட்டையில் போட்டான். 'ஜன்னல் தொடர்பாக' என்ற அந்தக் கதை பிய்த்துக்கொண்டு போனது.

திரைச்சீலை அண்ணாச்சி வீட்டம்மாவுடையது. அவர் வண்ணாரப்பேட்டையில் வாங்கிவந்து, வீடு வீடாக விரித்துக் காட்டிவிட்டுத்தான் ஜன்னலில் மாட்டினார். அந்தக் கிளிகளைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் நேற்றுப் பிறந்த குழந்தைகள் மட்டும்தான்.

தெருவே அண்ணாச்சி கடை வாசலில் கூடியது. எல்லாரும் அந்த அட்டையைப் பார்த்திருந்தார்கள். ஆனால் எல்லாருமே இன்னொருத்தர் போனில்தான் பார்த்திருந்தார்கள்.

"எவன்னு மட்டும் தெரியட்டும், வே" என்றார் அண்ணாச்சி. "இந்தத் தெருக்காரனா இருந்தா சாமானத் தூக்கி ரோட்டுல வீசிருவேன். போலீசுல ஒரு பெட்டிசன் குடுப்போம். நம்ம ஆளு இருக்காம்லா. ஏ பெட்டிசன், எழுதும்வே."

பெட்டிசன் மேசையை விரித்தான். நான் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன்.

"கை சுளுக்குன்னு சொல்லேன்டா."

"சுளுக்கல ஆயா."

"அப்போ மட்டமா எழுது."

"வராது ஆயா."

"படிச்சாவது காட்டாத. உன் எழுத்து அத்தினி பேருக்கும் தெரிஞ்சிடும். ரூம் போயிடும்டா."

"படிச்சுக் காட்டாம எப்படி? அது மோசடி."

அவன் பாட்டுக்கு எழுதினான். அந்த ஆள் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான் என்று நினைக்கிறேன். எழுந்து நின்று படித்தான்:

"பொருள்: கிளித் திரைச்சீலையின் மானம் தொடர்பாக. பார்வை: மேற்படி நூலின் அட்டை."

கூட்டத்தில் இருந்த பொம்பளைகளில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் இன்னொருத்தி. லாரி ஒன்று வந்தது. பெட்டிசன் நிறுத்தினான். லாரி போனது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்:

"மேற்படி திரைச்சீலையானது கொடியில் தன்னை மறந்து ஆடிக்கொண்டிருந்த வேளையில், அதனிடமோ அதன் உரிமையாளரிடமோ யாதொரு அனுமதியும் கோராமல்..."

இங்கே அவன் குரல் உள்ளே போய்விட்டது. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறவன், இதற்குக் கேட்க மறந்திருக்கிறான். அது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. அண்ணாச்சி வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசி வரியைப் படித்தான்:

"எனவே தாங்கள் மனமிரங்கி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அண்ணாச்சி வீட்டம்மா 'களுக்' என்றார்.

அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார். "இந்த மாரி நான் எங்கனயோ படிச்ச..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டம்மா திரும்பினார். "எங்கன படிச்சிய?"

"பேப்பர்ல."

"எந்தப் பேப்பர்ல கொக்கிக்கு மனு போட்டிருந்தான்?"

"கொக்கின்னு நான் சொல்லவே இல்லியே."

ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தர் வானத்தைப் பார்த்தார். டீக்கடைக்காரன் கழுவிய கிளாசையே திரும்பக் கழுவினான். எழுதியது யார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே.

நான் விடுவேனா? "இன்னா அண்ணாச்சி, கையெழுத்து போடு. சாட்சிக்கும் ரெண்டு பேரு வேணும். போலீசு வந்தா, படிச்சவங்க யார் யாருன்னுதான் மொதல்ல கேப்பான்."

அண்ணாச்சி மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "இன்னைக்கு நாளு சரியில்ல. பாப்போம். கடையில ஆளில்ல." கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். பத்தே அடியில் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே பெட்டிசன் வீட்டம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், வாய்மொழி மனுவாக. அடுத்த வாரம் மொட்டை மாடியில், சரியாக அவன் அறை வாசலுக்கு எதிரே, மயில் போட்ட புதுத் திரைச்சீலை ஒன்று காய்ந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை.

அறை தப்பித்தது. அண்ணாச்சியும் இப்போதெல்லாம் படியில் வழிவிட்டு நின்று, "உடம்பு கெட்டுப் போவாம எழுதும்" என்கிறாராம். எனக்கும் பொழுது போகிறது. கொக்கி இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

போன மாசம் திடீரென்று மழை. வரிசையில் நின்றவர்கள் ஆபீசுக்குள் ஓடினார்கள். நான் என் பெரிய குடையை விரித்துக் கூடைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டிசன் மேசையை மடித்துத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றான், புதுக் கண்ணாடியில் தண்ணீர் வழிய. இரண்டு அடி தள்ளித்தான் நின்றான். ஆனால் குடைக்குள் வரவில்லை.

"பொருள்: குடை தொடர்பாக" என்றான்.

"பார்வை?"

"இத்தினி வருசமா பக்கத்துல உக்காந்துகினு கீறது. அம்மணி, மேற்படி குடையில ஓரமா கொஞ்சம் எடம் குடுத்தா..."

ஆயா என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

"பரிசீலனைல கீது" என்றேன்.

சொல்லிவிட்டு, கருவாட்டுக் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்தேன்.