நான் அறுத்த குற்றாலம் ரோடு

நேற்றுப் போட்ட தார் ரோட்டை இன்றைக்கு ரம்பம் வைத்து அறுத்தவன் நான். அதுவும் பட்டப்பகலில், ஊரே பார்க்க. (போலீஸ் பிடிக்கவில்லை. என் வேலையே அதுதான்.)

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பழைய கான்கிரீட் ரோட்டின் மேல் தார் போட்டோம். கான்கிரீட் பாளம் பாளமாகக் கிடக்கும். வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். இரண்டு பாளம் சேரும் இடத்துக்கு மேலே தார் கோணல்மாணலாக வெடிக்கும். தடுக்க ஒரு வழி உண்டு. அந்த இணைப்புக்கு நேர் மேலே நாமே லேசாக அறுத்து, ரப்பர் கலந்த தாரை ஊற்றி அடைத்துவிட்டால், வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் அடக்க ஒடுக்கமாக இருந்துகொள்ளும். நேர் மேலே என்பதுதான் முக்கியம்.

"ஏலே, இது சரியா வந்துட்டுன்னா வடகரை ரோடு முழுசும் உன் பொறுப்பு. சொதப்புனேன்னா சிமெண்ட் குடோனுக்குக் காவலுக்குப் போயிரணும்" என்றார் காண்ட்ராக்டர் அண்ணாச்சி.

தார் மூடிய பிறகு இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. முன்கூட்டியே ரோட்டோரம் அடையாளம் வைக்க வேண்டும். வைத்தேன். சீசனுக்காக இருபுறமும் முளைத்திருந்த கடைகளின் கால்களில் சிவப்புப் பெயிண்ட்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் தார் மெஷின் வந்தது. வழி போதவில்லை. "கடையெல்லாம் தள்ளுங்க!" என்று கத்தியவன் யார்? நான். பழக்கடை பேச்சியக்காவின் கடையைத் தோள் கொடுத்துத் தள்ளியவன்? அதுவும் நானே. சாயங்காலம் அவரவருக்குத் தோன்றிய இடத்தில் கடையைத் திரும்ப வைத்தார்கள். அடுத்த நாள் நான் குறிக்குக் குறி கயிறு பிடித்து, கம்பீரமாக அறுத்தேன்.

"ஏன்யா, புது ரோட்டப் போயி அறுக்குதிய?" என்றாள் பேச்சியக்கா.

"வெடிக்காம இருக்கதுக்குத்தான்க்கா."

"வெடிக்காம இருக்கதுக்கு வெட்டுதியளா? நல்லாருக்கே கத!"

தை மாதக் குளிரில் கதை முடிந்தது. என் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், இங்கே ஒரு சாண், அங்கே ஒரு முழம் தள்ளி, ஜோடியாக ஒரு வெடிப்பு.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "என்னலே, ரெண்டு ரெண்டா ஓடுது? தண்டவாளமா போட்டுருக்க? எதப் பாத்து அளந்த?"

பேச்சியக்காவின் கடைக்காலைக் காட்டினேன்.

"இதையா? இத நீங்கதான தள்ளுனிய!" என்றாள் அக்கா, வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டே.

யார் மேலாவது பழி போடலாமென்று திறந்த வாயை மூடினேன். "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. எல்லாத்தையும் நானே அடைக்கேன்."

அடைத்தேன். மூன்று நாள், முட்டி போட்டு, கையில் தார் கெண்டியோடு. அருவிக்குப் போனவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து, "வடகரைக்குப் போ. இனி இந்தத் தப்பு உனக்கு மட்டும் வராதுலே" என்றார்.

வடகரையில் நகராத சாக்கடைச் சுவரில் ஆணி அடித்து, இருபக்கமும் டேப் பிடித்து அளந்து, பிறகே அறுத்தேன். எத்தனையோ மழை பார்த்தாயிற்று. கோட்டை விட்டு ஒரு வெடிப்பு வெளியே வரவில்லை. அந்த ரோட்டில் பைக்கை மெதுவாகத்தான் ஓட்டுவேன். சொந்தக்காரர்கள் யாராவது பின்னால் உட்கார்ந்திருந்தால் இன்னும் மெதுவாக.

வீட்டில் மட்டும் இந்தப் பெருமை செல்லுபடியாகாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் என் மனைவி பீரோவில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்:

"இத நகட்டலாமா? இல்ல, இத வச்சி எந்த ரோட்டயாவது அளந்துருக்கியளா?"