முக்கூடல் பின்கோடு

எண்களுக்காக வருத்தப்படும் ஒரு மனிதரை இந்தத் தாமிரபரணிக் கரை பெற்றிருக்கிறது என்றால், அது எங்கள் பகா எண் அண்ணாச்சிதான். தச்சநல்லூரில் நான் வேலை பார்த்த கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிப்பவர். பார்சலைப் பிரிக்கும் முன் அதன் மேலிருக்கும் பின்கோடைப் பிரித்துவிடுவார். மூன்றால் போகுமா, ஏழால் போகுமா என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் வகுபடாத பகா எண் சிக்கிவிட்டால், அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியாது.

"நம்ம தச்சநல்லூரப் பாரும்வே. எட்டுல முடியுது. ரெண்டு வந்து லேசாத் தொட்டாலே ஒடஞ்சிருது" என்று சொந்த ஊரை நினைத்து நொந்துகொள்வார்.

இந்தப் பித்தால் நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா ஆசையாகப் புதுக் காரைக் காட்ட, "நம்பர் மூணால போகுதே, மாத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டார். இன்னொரு வீட்டில் பெண்ணின் பெயரைக் கேட்காமல் கரண்டு மீட்டரின் எண்ணைக் கேட்டார். இவரே ஒரு பகா எண்ணாக நின்றுவிடுவாரோ என்று ஆபீஸே கவலைப்பட்டது.

கடைசியாக முக்கூடலில் ஒரு வரன் வந்தது. ஜவுளிக்கடையில் பில் போடும் பெண். இதுவும் தட்டிப்போனால் இனி அலைய மாட்டேன் என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டார். துணைக்கு நானும் போனேன். பஸ்ஸிலேயே அக்கா எச்சரித்தார்.

"ஏலே, அங்க போயி நம்பர் கிம்பர்னு வாயத் தொறந்தே, அங்கனயே விட்டுட்டு வந்துருவேன்."

அண்ணாச்சி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கேசரி வரும் வரை தாக்குப்பிடித்தார். பெண்ணின் அப்பா, "எங்க ஊரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதுதான் தாமதம்.

"பின்கோடு ஆறு லட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூத்தி ஒண்ணுல்லா. பகா எண்ணு. ஒண்ணும் அசைக்க முடியாது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். காப்பித் தட்டோடு நின்ற பெண், "அது பதிமூணால போகும்" என்றாள் பைய.

"போகாது."

"பஸ்ஸுக்கு நிக்கையில போட்டுப் பாத்திருக்கேன்."

பெண்ணின் அப்பா செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "நாப்பத்தெட்டாயிரத்து இருநூத்தி எழுபத்தேழு. மிச்சமில்ல" என்றார், சங்கடத்தோடு.

அண்ணாச்சி செல்போனை வாங்கிப் பார்த்தார். "பதினொண்ணு வரைக்கும் பாத்தேன். அப்பம் பார்சல் வண்டி வந்திருச்சு" என்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அக்காவைப் பார்த்து, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை.

பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் இருபத்து மூணாலயும் போகும். மீதி ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பது நிக்கி. அதை ரெண்டு பேருமா உக்காந்து பாத்துக்கிடலாம்."

கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் போன் அடித்தது.

"வே, ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பகா எண்ணுதாம்வே. ரெண்டு பேருமாப் பாத்துட்டோம்."

பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. நல்ல தூக்கம் கெட்டுப்போனதுதான். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.