வட்டத்துக்குள் ஆடு இல்லை

"அம்மா, அது திங்கிற சாமான்மா. அதுல எதுக்குக் குச்சியை விடறீங்க?"

கேன்டீன்காரர் கல்லாவை விட்டு எழுந்து வருவதற்குள் அந்தப் பெண் கட்லெட் தட்டைப் பஞ்சுக்குச்சியால் நன்றாகத் தேய்த்து, குச்சியை ஒரு சின்னக் குழாயில் போட்டு மூடியும் விட்டாள். பக்கத்தில் ஒருத்தன் டீ டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் கரண்டியை. ஒருத்தன் கேன்டீன்காரரின் கல்லாப்பெட்டிக் கைப்பிடியையே தேய்த்துவிட்டு "தேங்க்ஸ் அங்கிள்" என்றான்.

எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது. மேல்மாடி ஹாலில் 'உயிரியல் தகவலியல் பயிற்சிப் பட்டறை' என்று காலையில்தான் துணி கட்டியிருந்தார்கள். உயிருள்ளதைப் பற்றிய விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டி, அதைக் கலர் கலராகப் படம் போடக் கற்றுக்கொடுப்பார்களாம். மூன்று நாள். பட்டறை என்று பெயர்தான், மேலே போய்ப் பார்த்தால் ஒரு சுத்தியல்கூட இல்லை. அப்போதே கேன்டீன்காரருக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

பின்னாலேயே பயிற்சி மேடம் வந்தார். சிரித்த முகம். சிரித்த முகத்தோடு கேன்டீனுக்குள் வருகிற படித்தவர்களைக் கேன்டீன்காரர் நம்புவதே இல்லை. பாதிப்பேர் கடன் சொல்லத்தான் வருவார்கள்.

"பயப்படாதீங்க. எந்த உயிர் எங்க பட்டாலும் ஒரு தடயம் விட்டுட்டுப் போகும். அந்தத் தடயத்தைப் படிச்சா, அது ஆடா மாடா, செடியா கொடியான்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

"சமைச்சதுலகூடவா?"

"சமைச்சதுலகூட."

"பொய் சொல்ல முடியாதா?"

"மனுஷன் சொல்லலாம். டேட்டா சொல்லாது" என்றார் மேடம். குச்சி வைத்திருந்த பெண் சேர்ந்துகொண்டாள். "கடைசி நாள் பெரிசா வட்டம் போட்டுக் காட்டுவாங்க அங்கிள். வந்து பாருங்க, சூப்பரா இருக்கும்."

கேன்டீன்காரர் கட்லெட் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

காரணம் சுவரில் தொங்கியது. 'ஆட்டுக்கறி கட்லெட்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. மூன்று வருஷமாக அந்தக் கேன்டீனில் ஆடு இருந்தது அந்தப் போர்டில் மட்டும்தான். உள்ளே இருப்பது சோயாவும், அவருடைய வீட்டுக்காரி அரைத்துத் தரும் மசாலாவும். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நிறுவனத்தின் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், தினமும் வந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று ரெண்டு கட்லெட் தின்பார். டாக்டர் அவருக்குக் கறியே ஆகாது என்று சொல்லியிருந்தார். அவர் மனைவிக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். "இந்த மாதிரி ஆட்டுக்கறி எங்கயும் கிடைக்காதுய்யா" என்று விரலை நக்கிக்கொண்டே சொல்வார். அது உண்மைதான்.

அதே பெரியவர்தான் பயிற்சியின் கடைசி நாள் சர்டிபிகேட் கொடுக்க மேடைக்கு வருகிறார். வந்த கையோடு கேன்டீன் குத்தகையையும் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் இப்போதே கேன்டீன்காரர் சட்டைப் பையில் இருந்தது. இந்தக் குத்தகையைத் தேடி வெளியே நாலு பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கேன்டீன் போனால் வீட்டில் அடுப்பும் போச்சு.

"அப்ப ஆடு இல்லைன்னு குச்சி சொல்லிடுமா?" என்று சாயங்காலம் வீட்டில் கேட்டாள் வீட்டுக்காரி.

"வட்டம் போட்டுச் சொல்லுமாம்."

"அன்னைக்கே சொன்னேன், கால் பங்காவது கறி போடுங்கன்னு. கேட்டீங்களா?"

"இப்ப அதைப் பேசி?"

"இப்பப் போடுங்க. குச்சியில."

கேன்டீன்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை மூளையை வைத்துக்கொண்டு இவள் ஏன் நம்மைக் கட்டினாள் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனார்.

"வாங்கண்ணே!" என்றார் கறிக்கடைக்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "வழி தவறி வந்துட்டீங்களா? சோயாக்கடை எதிர்த்தாப்ல."

"வாயை மூடிட்டு ஒரு துண்டு வெட்டு. ஆடுதானே இது?"

"நீங்க என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேக்கலாமாண்ணே?"

மறுநாள் டீ கொடுக்கிற சாக்கில் மேலே போனார். ஹாலில் எல்லோரும் கம்ப்யூட்டரில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். குச்சிக் குழாய்கள் எல்லாம் ஒரு தட்டில், ஜன்னலோரம், வெயிலில், கேட்பாரற்றுக் கிடந்தன. ஊரான் குடியைக் கெடுக்கிற சாமான், அதற்கு ஒரு காவல் இல்லை. படித்தவர்கள் அலட்சியமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, டீத்தட்டுக்கு அடியில் குழாய்த் தட்டை வைத்து நடந்தார்.

வாசலில் ஒயர் நின்றிருந்தார். ஹாலில் புரொஜெக்டர் போடுகிறவர். தோளில் எப்போதும் ஒயர் சுருள் கிடப்பதால் அந்தப் பெயர். பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"அண்ணே... அந்தக் குச்சியை எதுக்கு..."

"உன் ஒயரைப் பாருய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு குச்சியாக எடுத்துக் கறித்துண்டில் புரட்டிப் புரட்டித் தேய்த்தார். ஆடு ஏறட்டும், நன்றாக ஏறட்டும். பாதி முடிவதற்குள் முன்னால் யாரோ "டீ!" என்று கத்தினார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மேசைமேல் மேனேஜர்.

மேனேஜர் என்பது கேன்டீன் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவதால் வைத்த பெயர். அது கறித்துண்டை முழுசாக முடித்துவிட்டு, குழாய்களையும் நக்கிவிட்டு, குச்சிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி!"

மேனேஜர் கடைசிக் குச்சியை நிதானமாக நக்கி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் போனது.

இப்போது ஆடும் இல்லை, குச்சி நிறையப் பூனை. சோயா என்றால் திட்டோடு போகும். பூனை என்று வட்டம் சொன்னால் ஊரே வந்து உதைக்கும்! அத்தனை குச்சியையும் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் ஊறவைத்து, வெந்நீரில் அலசினார். பூனை போயிற்றோ என்னவோ, பஞ்சு முழுக்கப் போயிற்று. கையில் வெறும் ஈர்க்குச்சிகள்.

வீடு பின்தெருவில்தான். ஓடினார். குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பஞ்சுக்குச்சி டப்பா ஒன்று இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கம்பளி மஃப்ளரையும் உருவிக்கொண்டு திரும்பினார். கம்பளி ஆட்டு முடிதானே? ஆட்டின் முடியும் ஆடுதானே? தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. புதுக்குச்சிகளை மஃப்ளரில் தேய் தேய் என்று தேய்த்து, குழாயில் போட்டு மூடி, சாயங்கால டீயோடு கொண்டுபோய் ஜன்னலோரமே வைத்துவிட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடையை அடைக்கும்போது போன் வந்தது.

"ஏங்க, கண்ணாடிகிட்ட இருந்த டப்பாவை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"அது எங்கம்மாவோடதுங்க. அம்மா தேடுறாங்க."

"புது டப்பா வாங்கித் தர்றேன்னு சொல்லு."

"அதுக்கில்லைங்க. அம்மாவுக்குத் தூக்கிப்போட மனசு வராது. காது குடைஞ்சிட்டுத் திரும்ப அதுலயே வச்சிடுவாங்க."

கேன்டீன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு மாடிப்படியில் தாவினார். ஹால் பூட்டியிருந்தது. சாவிக்கொத்தோடு ஒயர் எதிரே வந்தார்.

"ஒயரு, சாவி குடு. டம்ளர் ஒண்ணை உள்ள விட்டுட்டேன்."

"டம்ளரா? நான்கூட அந்தக் குச்சி விஷயமோன்னு நினைச்சேன். அண்ணே, அதைப் பத்தித்தான் காலையிலயே..."

"குச்சியா? எந்தக் குச்சி? எனக்கு ஒண்ணும் தெரியாது."

கேன்டீன்காரர் வந்த வேகத்தில் இறங்கிவிட்டார். இவன் மோப்பம் பிடித்துவிட்டான். இன்றைக்குச் சாவி கொடுப்பான், நாளையிலிருந்து ஓசிக் கட்லெட் கேட்பான். தோளில் ஒயர் போட்டவனை எவன் நம்புவான்?

கடைசி நாள் ஹால் நிரம்பிவிட்டது. பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆபீஸ் மேனேஜர். கேன்டீன்காரர் கட்லெட் தட்டைப் பரிமாறிவிட்டுப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் மேடையைப் பார்த்தபடியே, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ரகசியமாகக் கடித்தார்.

ஒயர் சுவிட்சைப் போட்டார். திரையில் தட்டு அளவுக்கு, இல்லை, மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம். கலர் கலராக.

"மூணு நாளா நாம பார்த்துக்கிட்டு வர்ற சாம்பிள் இது" என்றார் மேடம். "இதோ இந்த நீலம், முக்கால்வாசி வட்டம், மீன்."

கேன்டீன்காரருக்குப் புரியவில்லை. மீன் அந்தச் சமையலறைப் பக்கமே வந்ததில்லையே. சட்டென்று உறைத்தது. மேனேஜர்! அது எந்த வீட்டில் மீன் தின்றுவிட்டு வந்து நக்கியதோ! குச்சியை மாற்றினோம், குழாயை மாற்றவில்லையே!

"இந்த ஆரஞ்சு, கணவாய். இது சின்னச் சின்ன இறால்."

நல்ல வசதியான வீடாகத்தான் போயிருக்கிறது.

ஒரு பையன் கையைத் தூக்கினான். "மேடம், ஆடு மாடு மாதிரி எதுவும் இல்லையா?"

"ஆடா!" மேடம் சிரித்தார். "இதுக்குள்ள ஆடு எப்படிப்பா வரும்?"

ஹாலே கொல்லென்று சிரித்தது. பெரியவரும் கட்லெட்டை மென்றுகொண்டே சிரித்தார். கேன்டீன்காரருக்குக் காது இரண்டும் சுட்டது. மஃப்ளர் வாங்கும்போது அசல் கம்பளி என்று சத்தியம் பண்ணின கடைக்காரன் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. உலகத்தில் ஒருத்தன்கூட யோக்கியன் இல்லை.

"ஆனா இந்த ஓரத்துல ஒரு மெல்லிசான கோடு தெரியுது பாருங்க" என்று மேடம் திரையைத் தட்டினார். "இது மனுஷன். இருக்கவே கூடாது. அப்படின்னா என்ன அர்த்தம்? சாம்பிள்ல யாரோ கை வச்சிருக்காங்க. அது யாருன்னுகூட நாம..."

பேச்சை நிறுத்திவிட்டு, தொண்டை வறண்டுபோய், டீ இருக்கிறதா என்று பின்சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

அந்தப் பார்வை கேன்டீன்காரரை ஊசியாய்க் குத்தியது.

"கை இல்லீங்கம்மா, காது!" என்று அலறினார். "எங்க மாமியார் காது!"

ஹால் மொத்தமும் திரும்பியது. பெரியவர் வாயில் பாதிக் கட்லெட்டோடு திரும்பினார்.

"அண்ணே, அண்ணே, ஒரு நிமிஷம்..." என்று மேடைப் பக்கத்திலிருந்து ஒயர் கையை ஆட்டினார்.

"நீ சும்மா இருய்யா, நீ போட்டுக் கொடுக்க வேண்டாம், நானே சொல்றேன்!" கேன்டீன்காரர் ஒரேயடியாக முன்னால் வந்துவிட்டார். "ஐயா, அந்தக் குச்சியில காது பட்டது தெரியாம நடந்தது. மீனு, கணவாயெல்லாம் நான் போட்டது இல்லீங்க. மேனேஜர் நக்கினது."

ஆபீஸ் மேனேஜர் துள்ளி எழுந்தார். "நானா? நான் எதைய்யா நக்கினேன்?"

"நீங்க இல்லீங்க, பூனை. கேன்டீன் பூனை."

"பூனைக்கு ஏன்யா மேனேஜர்னு..."

"அது அப்புறம் பேசுவோம்" என்றார் பெரியவர். கட்லெட்டை மெதுவாக வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். "முதல்ல இதைச் சொல்லு. கேன்டீன் குச்சியில ஏன் ஆடு இல்லை?"

கேன்டீன்காரர் தலையைக் குனிந்தார். மூன்று வருஷப் போர்டு கண்ணெதிரே கழன்று விழுந்தது.

"இருந்ததே இல்லீங்கய்யா. சோயா."

"சோயாவா?"

"மசாலா மட்டும் அசல்."

பெரியவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "தூணுக்குப் பின்னாடி நின்னு தின்னேனேய்யா! வீட்டுல கட்டினவகிட்டப் பொய் சொல்லிட்டு, மீசையைக் கழுவிட்டுப் போனேனேய்யா தினமும்! பருப்பு தின்னதுக்கா இந்தப் பாடு?"

கையை நீட்டினார். கேன்டீன்காரர் சட்டைப் பையிலிருந்த குத்தகைக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை நாலாகக் கிழித்து, மிச்சமிருந்த கட்லெட்டின்மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

மேடம் ஒன்றும் புரியாமல் வட்டத்தையும் கேன்டீன்காரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒயர் தன் சுருளைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு மெதுவாக வந்து, கேன்டீன்காரர் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு நாளா இதைத்தான் சொல்ல வர்றேன், எங்க விட்டீங்க? அந்தக் குச்சி சும்மா கை பழகறதுக்கு, அதை யாரும் கம்ப்யூட்டர்ல போடறது இல்லை. வருஷா வருஷம் எல்லா வகுப்புக்கும் இதே படம்தாண்ணே, எங்கயோ பனிப்பாறையில ஒரு பென்குயின் போட்ட எச்சம்."