கத்திரி அண்ணனும் நாற்பத்தோரு வசதிகளும்

வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. ஐம்பது வயதில் இதற்கு மருந்து கிடையாது. அப்படித்தான், விழிஞ்ஞத்தில் மீன் ஓட்டல் திறக்கவிருந்த ஒரு முதலாளிக்கு, நாற்பத்தோரு வசதிகளோடு ஒன்பதே நாளில் இணையதளம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முகப்பில் கடலலை அடிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அது அவர் கேட்டதுகூட இல்லை, என் யோசனை.

"வெள்ளிக்கிழமை ஓட்டல் திறப்பு. சைட் வரலேன்னா திங்கக்கிழமை நீங்களும் வர வேண்டாம்" என்றார் எங்கள் மேலாளர்.

எங்கள் கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் சொன்ன தேதிக்கு வேலையை முடித்த மனிதர் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒருவர்தான். மார்த்தாண்டத்துக்காரர். இயற்பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கத்திரி அண்ணன். அவர் மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில், தையல்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு பெரிய கத்திரி கிடக்கும்.

அவரிடம் ஓடினேன். நாற்பத்தோரு வசதிகளையும் வசதிக்கொரு காகிதத் துண்டாக எழுதிக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"முதலாளி, முகப்புல அலை அடிக்கல்லேன்னா வெள்ளிக்கிழமை மீன் பொரிக்க மாட்டியளா?"

"பொரிப்போம், பின்னே!"

கரக்.

"அது என்ன சத்தம்?"

"ஒங்க சைட்டு ரெடியாவுத சத்தம்."

இப்படியே முப்பத்தேழு துண்டுகள் தரையில் விழுந்தன. முப்பத்தெட்டாவதும் என் யோசனைதான். விழிஞ்ஞத்தின் வரலாறு, ஆய் மன்னர்கள் தொடங்கி ஆறு பக்கம்.

"அண்ணே, இது இலக்கியம்."

"வாசிச்சு முடிக்கதுக்குள்ள நெய்மீன் ஆறிப் போவும், கேட்டியளா."

கரக்.

மிஞ்சியவை மூன்று: உணவுப் பட்டியல், வழி காட்டும் வரைபடம், மேசை முன்பதிவு.

புதன்கிழமை சோதித்துப் பார்த்தால், முன்பதிவு ஒரே மேசையை மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் டீயோடு வந்த பழம்பொரியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க சாரே. இதுக்குத்தான் ரெண்டு நாளு மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன்."

வியாழன் மதியம் சரியாகிவிட்டது. வெள்ளி காலை பத்து மணிக்குத் தளம் திறந்தது. பத்தேகாலுக்கு முதல் முன்பதிவு. அலை எங்கே என்று முதலாளி கேட்கவேயில்லை. அன்று மதியம்தான், ஒன்பது நாளுக்குப் பிறகு, சாம்பாரில் உப்பு இருப்பது எனக்குத் தெரிந்தது. அண்ணனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது; அவர் கையில் கத்திரி இருந்ததால் கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனின் பெருமையை மனைவியிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. பாவம், ஒங்களோட ஒன்பது நாள் இருந்திருக்காரே மனுசன்!"