உன் அக்காவின் மூளை வேகம் குறித்து

அன்புக்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, கார் மூவரும் இருக்கிறோம். இருவர் சௌக்கியம், மூன்றாவதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை, சென்ற மாதம் நீ கத்தரித்து அனுப்பிய செய்தித்தாள் துண்டு கிடைத்தது. அதை அனுப்பியபோது உன் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. குறிகளைப் பார்த்துப் பொருத்துவதிலும் எழுத்தையும் பெயரையும் சட்டென்று எடுப்பதிலும் பெண்கள் சராசரியாக முந்துகிறார்கள் என்று முதல் பத்தியில் போட்டிருந்தது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவதில் ஆண்கள் சராசரியாக ஒரு நூல் முந்துகிறார்கள் என்று இரண்டாவது பத்தி. நான் நியாயஸ்தன் என்பதால் இரண்டாவது பத்தியைத்தான் முதலில் உன் அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, "முதல் பத்தியை ஏன் விட்டுட்டீங்க?" என்றாள். தாளைத் தலைகீழாகவே படித்திருக்கிறாள். மருந்துக்கடையில் முப்பது வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்த கண் அல்லவா, அதற்கு மேல் எது, கீழ் எது என்ற பேதமெல்லாம் கிடையாது.

துண்டின் அடியில் ஒரு சோதனை இருந்ததே, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி கொடுத்து, இரண்டு நிமிடத்தில் எத்தனை கட்டங்களை நிரப்ப முடிகிறது என்று பார்ப்பது, அதைச் செய்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். "நான் ஜெயிச்சா எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கணும்" என்றாள் உன் அக்கா. உனக்குத் தெரியாததல்ல. இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்து இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான். கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது மட்டும், "உனக்குப் பிடிபட நேரமாகும், பிறகு பார்க்கலாம்" என்று சொன்னேன். அந்தப் பிறகு அப்படியே தள்ளிப் போய்விட்டது. சரி, ஜெயிக்கவா போகிறாள் என்று ஒப்புக்கொண்டேன்.

நடுவராகப் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரை அழைத்தோம். ஓய்வு பெற்றும் ஸ்டாப் வாட்சை விடாத மனிதர். உன் அக்கா எண்பத்து நான்கு கட்டம். நான் நாற்பத்தொன்று, அதிலும் மூன்று தப்பு. என் பேனா மை சரியாக இறங்கவில்லை, என் பக்கம் வெளிச்சம் போதவில்லை, வாத்தியார் என் காதருகே இருமிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி நாற்காலியையும் பேனாவையும் மாற்றிக்கொண்டு மறுபடி எழுதினோம். அவள் தொண்ணூற்றொன்று. நான் முப்பத்தொன்பது. "சார், மூணாவது தடவை வேண்டாம், போற போக்கு நல்லா இல்ல" என்றார் வாத்தியார்.

நான் விடுவேனா? இரண்டாவது பத்திக்கும் ஒரு சோதனை வைக்க வேண்டும் என்றேன். வாத்தியார் ஒரு ஸ்கேலை உயரத்திலிருந்து விடுவார், விழுவதற்குள் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும்; தூரம் குறைந்தால் வேகம் அதிகம். நான் பதினான்கு சென்டிமீட்டரில் பிடித்துவிட்டேன். உன் அக்கா பத்தொன்பது. மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை, அறுபத்து மூன்று வயதில் நான் அந்தக் கூடத்தில் ஒரு வெற்றிச் சுற்று நடந்தேன். உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள், "அப்பா, அது ஆயிரக்கணக்கான பேரோட சராசரி. நிறைய ஆம்பளைங்க வேகமா இருப்பாங்க, நிறையப் பொம்பளைங்க மெதுவா இருப்பாங்க. உங்களையும் அம்மாவையும் பத்தி அதுல ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். படிக்க வைத்தது தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று சமம், அதனால் பந்தயம் ரத்து என்று நான் வாதாட, "பந்தயம் கட்டத்துக்குத்தானே, ஸ்கேலுக்கு இல்லையே" என்று வாத்தியார் கட்சி மாறிவிட்டார். மறுநாள் காலை ஊர்க்கோடிக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய் உன் அக்காவை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். இருபத்தெட்டு வருடமாகச் சொல்லும் முதல் பாடத்தை, "இது கிளட்ச், இது பிரேக்" என்று தொடங்கினேன். 'இது ஆக்சிலரேட்டர்' என்று முடிப்பதற்குள் கார் மைதானத்தில் பாதி தூரம் போயிருந்தது. முதல் நாளிலேயே வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. மூன்றே பாடத்தில் நான்கு கியரும் வெண்ணெயாக விழுந்தன. என் மாணவர்களில் இப்படி ஒருவரை நான் கண்டதில்லை. இதில் அவள் மூளைக்குப் பாதிப் பங்கு என்றால், என் கற்பிக்கும் முறைக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை நீயும் மறுக்க மாட்டாய்.

நான்காம் பாடத்தில் கிடங்கின் பின்வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே வெளியே வந்தது. நான் பிரேக் என்று சொல்ல வாயெடுத்தேன்; 'பி' வருவதற்குள் கார் நின்றுவிட்டது. என் கால் மட்டும் இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. லாரி போன பிறகு, "நான் சொல்றதுக்கு முன்னால எப்படி நிறுத்தின?" என்றேன். "நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் லாரி நிக்குமா?" என்றாள். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி சொன்னாள்: "முப்பது வருஷம் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். மழையில நனைஞ்சு லேட்டா வந்தா, நீ எதுலயும் மெதுவுன்னு சொல்வீங்க. மெதுவா வந்தது பஸ்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் ஏதோ மருந்து தீர்ந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். அந்தக் காலமெல்லாம் என் பள்ளியில் பயிற்சிக் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, மாப்பிள்ளை. திரும்பும்போது மனம் ஒரு நிலையில் இல்லாததால் நானே ஓட்டுகிறேன் என்று வாங்கி ஓட்டி, வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கையில் கணக்கு வாத்தியாரின் ஐந்து பூந்தொட்டிகளை உடைத்து, காரின் பின்விளக்கையும் உடைத்தேன். அவர் வெளியே வந்து மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எந்தப் பத்தி சார்?" என்று கேட்டார்.

ஆகவே உன்னை வேண்டிக்கொள்வது இதுதான். இனிமேல் எந்த ஆராய்ச்சியையும் கத்தரித்து எனக்கு அனுப்பாதே. அடுத்தது, உன் அக்கா டவுனுக்குள் ஓட்ட வேண்டும் என்கிறாள். அவளுக்கு அனுபவம் போதாது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், தம்பி சொன்னால் கேட்பாள். ஒரு வருடம் மைதானத்திலேயே ஓட்டட்டும் என்று நீ பக்குவமாக எழுது. பின்விளக்கு விஷயத்தை அவளிடம் கிளறாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் உடம்பும் படிப்பும் ஒருசேர வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: இதைப் போட உறை தேடி உன் அக்காவின் இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரு ஓட்டுநர் உரிமம் இருந்தது. போட்டோவில் இருப்பது உன் அக்கா. தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. முகவரி உன் வீட்டு முகவரி. உன் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது மூன்று மாதம் உதவிக்கு வந்திருந்தாளே, அப்போது எடுத்தது. திரும்பி வந்தபோது, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜன்னல் வெயில் படும் வலது கை மட்டும் கறுத்திருந்ததைப் பார்த்து, துணி காயப்போட மாடியில் ரொம்ப நேரம் நின்றாயா என்று கேட்டவன் நான். ஆறு வருடம் ஆகியிருக்கிறது எனக்குத் தெரிய. அந்தத் துண்டில் இருக்கும் எந்தச் சோதனையும் இனி எனக்குத் தேவையில்லை. நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நான் பார்த்ததையும் சொல்லிவிடாதே. ஓட்டத் தெரிந்தவள் மூன்று வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, இது கிளட்ச் என்றால் ஆமாம் என்கிறாள். நான் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது. நாளைக் காலை ரிவர்ஸ் பாடம். நன்றாகச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.